ஒதுக்கப்படும் குழந்தையும் சுற்றி நிற்கும் வகுப்பும்

பள்ளிக் குழந்தைகளுக்குள் சண்டை வருவதும் தீர்வதும் இயல்பு. இரண்டு பேர் 'காய்' விட்டுக்கொள்வார்கள்; இரண்டு நாள் கழித்துப் 'பழம்' விட்டு ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பார்கள். இருவருக்கும் பலம் ஏறக்குறைய சமம் என்பதால் பெரியவர்கள் தலையிடாமலேயே அது ஆறிவிடுகிறது. வகுப்பே சேர்ந்து ஒரு குழந்தைக்குக் காய் விடும்போது நிலைமை வேறு. அங்கே பழம் விட முன்வருபவருக்கும் அடுத்த நாள் அதே கதி நேரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சாதாரணச் சண்டையையும் துன்புறுத்தலையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றில் கடைசி அடையாளமே முக்கியமானது. உடல் வலிமை, வயது, சாதி, பணம், அழகு, மதிப்பெண், பின்னால் நிற்கும் கூட்டம் என ஏதோ ஒன்றில் ஒரு பக்கம் ஓங்கியும் மறு பக்கம் தாழ்ந்தும் இருக்கும். அந்தச் சமமின்மையைக் காணாத பெரியவர்கள், 'ரெண்டு பேரும் கை குடுங்க, சாரி சொல்லுங்க' என்று முடித்துவிடுகிறார்கள். அடி வாங்கிய குழந்தை அடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்புவது இப்படித்தான் நேர்கிறது.

இந்த மூன்று அடையாளங்களையும் வகுத்தவர் டான் ஓல்வெயஸ் (1931-2020). சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர். 1970களின் தொடக்கத்தில் அவர் இந்த ஆய்வில் இறங்கியபோது, இது வளரும் பிள்ளைகளிடம் இருப்பதுதானே என்ற எண்ணமே ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. 1982இன் இறுதியில் வட நார்வேயில் 10 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள்; சக மாணவர்களின் கடும் துன்புறுத்தலே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே நார்வே கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,500 மாணவர்களிடம் ஓல்வெயஸ் நடத்திய மதிப்பீட்டில், துன்புறுத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த அளவுக்குப் பெரிய பலன் பிற நாடுகளில் எளிதில் கிடைக்கவில்லை. ஆனாலும் பள்ளி நினைத்தால் இதைக் குறைக்க முடியும் என்பது அன்று முதல் வெறும் நம்பிக்கையாக இல்லாமல் அளந்து பார்த்த உண்மை ஆயிற்று.

துன்புறுத்தல் என்றதும் அடிதடியே நினைவுக்கு வருகிறது. ஆனால் வகுப்பறையில் அதிகம் நடப்பவை வாயாலும் பாராமுகத்தாலும் செய்யப்படுபவை. சோடாபுட்டி, கருவாயன், குண்டு, திக்குவாய் என்று பட்டப்பெயர் சூட்டுவது. வாசிக்க எழுந்தவுடன் பின்வரிசையில் இருமுவது. பென்சில் பாக்ஸை ஒளித்து வைத்துத் தேடவிட்டுப் பார்ப்பது. சாப்பிட உட்காரும் வட்டத்தில் இடம் இருந்தும் இல்லை என்பது. ஒருவர் தொட்ட பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காருவது. மாணவிகளிடையே பேச்சை நிறுத்துவதும் இல்லாத கதை கட்டுவதும் அடியைவிட அதிகம். ஆசிரியர் கண்ணில் படும் காயம் எதையும் இவை விட்டுச்செல்வதில்லை.

இவை 'சும்மா விளையாட்டுக்கு' என்று கடந்துபோகக் கூடியவை அல்ல என்பதற்கு 2003இல் லாஸ் ஏஞ்சலிஸில் நவோமி ஐசன்பர்கரும் சக ஆய்வாளர்களும் செய்த பரிசோதனை நல்ல சான்று. மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்கள், கணினித் திரையில் வேறு இருவருடன் விளையாடுவதாக நம்பிப் பந்தெறிந்தார்கள். சிறிது நேரத்தில் அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் பந்தை எறிந்துகொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், இழப்பு எதுவும் இல்லை, இருந்தும் ஒதுக்கப்பட்டவரின் மூளையில் உடல் வலியின்போது வேலை செய்யும் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. தினமும் முகம் பார்க்கும் நாற்பது பேர் ஒதுக்கும்போது பத்து வயதுக் குழந்தை என்னவாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. 7 வயதிலும் 11 வயதிலும் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் பெற்றோர் சொன்ன குழந்தைகளை, அவர்களுடைய ஐம்பதாவது வயதில் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன; உடல்நலமும் உறவுகளும் பிறரைவிட நலிந்திருந்தன. குழந்தைப் பருவத்து வறுமை, அறிவுத்திறன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை.

எத்தனை குழந்தைகள் இதில் சிக்கியிருக்கிறார்கள்? 144 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார்.

அடிப்பவர், அடி வாங்குபவர் என்ற இருவரோடு பார்வையை நிறுத்திவிட்டால் இந்தச் சிக்கல் பிடிபடாது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு என்று காட்டியது. தொடங்கி வைப்பவர் ஒருவர். கூடச் சேர்ந்து கையைப் பிடித்துக்கொள்பவர் சிலர். சிரித்தும் கைதட்டியும் உசுப்பேற்றுபவர் சிலர். நமக்கேன் வம்பு என்று விலகி நிற்பவர் பலர். பாதிக்கப்பட்டவர் பக்கம் வந்து நிற்பவர் சிலர். இதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஜப்பானில் மொரிதா யோஜி, பாதிக்கப்படுபவரையும் துன்புறுத்துபவரையும் சுற்றிக் களித்துப் பார்ப்பவர்களும் கண்டுகொள்ளாதவர்களும் இரண்டு வளையங்களாக நிற்பதை விளக்கியிருந்தார். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு வகுப்பறை வழக்கங்களுக்கு நடுவே இருவரும் ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள்.

கனடாவின் டொரன்டோ நகரப் பள்ளிகளில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும் குழந்தைகளின் உடையில் சிறிய மைக்கைப் பொருத்தி, தொலைவிலிருந்து கேமராவில் பதிவு செய்தார்கள். விளையாட்டுத் திடலில் உண்மையில் நடப்பது என்ன என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவான நிகழ்ச்சிகளில் வேறு குழந்தைகள் அருகில் இருந்தார்கள். அவர்களுடைய நேரத்தில் 54 விழுக்காடு சும்மா நின்று பார்ப்பதிலும், 21 விழுக்காடு துன்புறுத்துபவரோடு சேர்ந்துகொள்வதிலும், 25 விழுக்காடு தடுப்பதிலும் கழிந்தது. திடலில் ஆசிரியர்களோ ஊழியர்களோ தலையிட்டது நூறில் ஏறக்குறைய நான்கு முறை. ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்பது இதன் பொருள் அல்ல. அவர்கள் பார்வை படாத இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தே இது நடக்கிறது. 2001இல் இதே பதிவுகளிலிருந்து வந்த மற்றொரு முடிவை ஒவ்வொரு ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்: பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளில் ஒருவர் துணிந்து குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் துன்புறுத்தல் பத்து விநாடிகளுக்குள் நின்றுபோனது. வாசிக்கத் திணறும் மாணவனைப் பார்த்து மொத்த வகுப்பும் சிரிக்கும்போது, முன்வரிசையில் ஒரே ஒரு மாணவி சிரிக்காமல் 'அவனைப் படிக்க விடுங்கப்பா' என்றால் போதும், சிரிப்பு அடங்கிவிடுகிறது. துன்புறுத்துபவருக்கு வேண்டியது பார்வையாளர்களின் அங்கீகாரம். அது கிடைக்காத இடத்தில் அவருக்கு வேலையில்லை.

இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டதே பின்லாந்தின் கிவா திட்டம். துர்கு பல்கலைக்கழகத்தில் 2006 முதல் உருவாக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான பள்ளிகளில் சோதிக்கப்பட்டு, 2009இல் நாடெங்கும் விரிந்தது. வேடிக்கை பார்ப்பவர்களின் மனப்போக்கை மாற்றுவதற்கு வகுப்பில் மாதந்தோறும் பாடம் உண்டு. இடைவேளையில் கண்காணிக்கும் ஆசிரியர்கள் பளிச்சென்ற மேலாடை அணிகிறார்கள். ஒரு நிகழ்ச்சி தெரியவந்தால், பயிற்சி பெற்ற சிறு ஆசிரியர் குழு சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே சந்திக்கிறது. பிறகு துன்புறுத்தியவர்களை ஒன்றாக உட்காரவைத்து, இனி ஒவ்வொருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று வாக்குப் பெறுகிறது. சில நாட்கள் கழித்து மறுபடி கூப்பிட்டு விசாரிக்கிறது. இவற்றைவிடச் சிறந்த கூறு ஒன்று உண்டு. வகுப்பில் எல்லோரும் மதிக்கும், நல்ல மனமுள்ள இரண்டு முதல் நான்கு மாணவர்களை வகுப்பாசிரியர் தனியே அழைத்து, பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் துணையாக இருக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறார். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காருவது, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது, இடைவேளையில் கூடவே நடப்பது. தமிழ்நாட்டில் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதைச் செய்யத் தனிச் செலவோ அரசாணையோ தேவையில்லை.

இத்தகைய திட்டங்களிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. பல நாடுகளில் நடந்த மதிப்பீடுகளைத் திரட்டிக் ஹன்னா காஃப்னி, மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் ஆகியோர் 2019இல் செய்த தொகுப்பாய்வில், துன்புறுத்துவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், துன்புறுத்தலுக்கு ஆளாவது ஆறில் ஒரு பங்கும் குறைந்தது தெரிந்தது. சிறிய எண்கள் போலத் தோன்றினாலும் ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் முழுவதற்கும் கணக்கிட்டால் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் அன்றாடம் அதில் அடங்கியிருக்கிறது. வருத்தம் தரும் ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. மொத்தத் துன்புறுத்தல் குறைந்துவிட்ட வகுப்பில், இன்னமும் சிக்கியிருக்கும் ஓரிரு குழந்தைகளின் மனநிலை முன்பைவிட மோசமாகிறது. எல்லோரும் நன்றாக இருக்கும்போது தனக்கு மட்டும் இப்படி என்றால் தவறு தன்னிடம்தான் என்று அக்குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. எனவே எண்ணிக்கை குறைந்த பள்ளி, மிஞ்சிய குழந்தைகளைப் பெயர் பெயராக அறிந்து வைத்திருக்க வேண்டும்.

யாரும் துன்புறுத்தாமலேயே தனித்துப் போகும் குழந்தைகளும் உண்டு. ஜான் கோயி, கென்னத் டாட்ஜ் ஆகியோரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1982இல் ஒரு முறையை வகுத்தார்கள். யாரோடு இருக்கப் பிடிக்கும், யாரோடு பிடிக்காது என்று குழந்தைகளிடமே ரகசியமாகக் கேட்டு, பலருக்குப் பிடித்தவர், பலரும் வெறுப்பவர், யார் கண்ணிலும் படாதவர், பாதிப் பேருக்குப் பிடித்துப் பாதிப் பேருக்குப் பிடிக்காதவர், இடைப்பட்டவர் என்று பிரித்தார்கள். வெறுக்கப்படும் குழந்தையையும் கண்ணில் படாத குழந்தையையும் ஒன்றாகப் பாவிப்பது பொதுவான தவறு. கண்ணில் படாத குழந்தை பெரும்பாலும் கூச்ச சுபாவம் கொண்டது. புதிய வகுப்பு, புதிய துணை அமைந்தால் மீண்டுவிடும். வெறுக்கப்படும் குழந்தையின் நிலை வகுப்பு மாறினாலும் தொடர்வது அதிகம். பெரியவர்களின் உதவி அதிகம் தேவைப்படுவது அதற்கே.

ஆட்டத்தில் சேர்வது எப்படி என்பதே பல குழந்தைகளுக்குத் தடுமாற்றம். மார்த்தா புட்டலாஸும் ஜான் காட்மனும் 1981இல் இதை உற்று நோக்கினார்கள். எல்லோருக்கும் பிடித்த குழந்தை, ஆடிக்கொண்டிருக்கும் இருவரிடம் போனால் முதலில் சும்மா நிற்கிறது. என்ன ஆட்டம், யார் முறை என்று பார்க்கிறது. பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றியே ஏதாவது சொல்லி மெல்ல உள்ளே நுழைகிறது. பிடிக்காத குழந்தையோ போனவுடன் தன்னைப் பற்றிப் பேசுகிறது, கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்துகிறது, 'இப்படி ஆடக்கூடாது' என்று விதி சொல்கிறது. விரட்டப்படுகிறது. இதை வீட்டில் சொல்லித்தரலாம். 'போய்ச் சேர்ந்து விளையாடு' என்று தள்ளிவிடுவதால் பயனில்லை. தெருவில் பிள்ளைகள் பல்லாங்குழியோ பம்பரமோ ஆடும்போது தள்ளி நின்று அம்மாவோ அண்ணனோ கூடவே கவனித்து, 'இப்ப யார் ஜெயிக்கிறா பாரு, நல்லா ஆடினா சூப்பர்னு சொல்லு, அடுத்த ஆட்டத்துக்கு நான் வரட்டுமான்னு கேளு' என்று படிப்படியாகச் சொல்வது பலன் தரும். ஷெரி ஓடனும் ஸ்டீவன் ஆஷரும் 1977இல் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதுவே: ஆட்டத்தில் முழுமையாகப் பங்கெடுப்பது, முறை விட்டுக் கொடுப்பது, பேசுவதும் கேட்பதும், எதிராளியைப் பாராட்டுவது. ஒவ்வொன்றையும் பேசிக் காட்டி, ஒரு துணையோடு ஆடவிட்டு, பிறகு எப்படிப் போயிற்று என்று கேட்டார்கள். ஐந்தாறு அமர்வுகளிலேயே அக்குழந்தைகளோடு விளையாட விரும்புபவர்கள் கூடினார்கள். ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது.

ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும் முறையில் பள்ளி சிறிது கவனம் வைத்தால் நாள்தோறும் நடக்கும் ஓர் அவமானத்தைத் தவிர்க்கலாம். பி.டி. பீரியடில் இரண்டு தலைவர்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி எடுக்கும்போது, கடைசியாக நிற்கும் குழந்தை எல்லோர் முன்னிலையிலும் யாருக்கும் வேண்டாதவராக நிற்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் உத்தி பிரித்தபோது இந்த நிலை வரவில்லை. ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ஒருவர் நிலா, மற்றவர் நட்சத்திரம் என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தலைவர் பெயரைத்தான் கேட்டெடுக்க முடியும், ஆளை அல்ல. அணிகளும் சமமாகும், கடைசி ஆள் என்று ஒருவரும் இருக்க மாட்டார். உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மறுபடி வழக்கத்துக்குக் கொண்டுவருவது நல்லது. சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, விளையாட வருபவரைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்பதையே வகுப்பு விதியாக்கினார். பெரிய வகுப்புக் குழந்தைகளிடமும் கருத்துக் கேட்டு, எதிர்ப்பையும் பொறுமையாகக் கேட்டு விதியை நடைமுறைப்படுத்திய விவரத்தை 1992இல் நூலாகவும் எழுதினார்.

ஒரே ஒரு நல்ல நண்பர் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது 1999இல் எர்னஸ்ட் ஹாட்ஜஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் தெளிவாயிற்று. துன்புறுத்தலால் குழந்தை ஒடுங்குவதும், ஒடுங்கியதால் மேலும் துன்புறுத்தப்படுவதும் ஒரு சுழல். நெருங்கிய நண்பர் இருந்த குழந்தைகளிடம் அந்தச் சுழல் அறுபட்டிருந்தது. வகுப்பு முழுவதற்கும் பிடித்தவராக வேண்டும் என்று குழந்தையை நெருக்கும் பெற்றோர், அந்த அக்கறையை ஒரு நண்பரைத் தேடித்தருவதில் காட்டலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் வகுப்புத் தோழியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துத் தோசை சுட்டுக் கொடுப்பதில் தொடங்குகிறது அது.

வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பெரும்பாலான குழந்தைகள் சொல்வதில்லை. 'போட்டுக்கொடுக்கிறவன்' என்ற பெயர் வகுப்பில் எந்தப் பட்டப்பெயரையும்விடக் கொடியது. வீட்டில் சொன்னால் அப்பா பள்ளிக்கு வந்து கத்துவார், நிலைமை மோசமாகும் என்ற பயம் வேறு. ஞாயிறு மாலையில் தொடங்கித் திங்கள் காலையில் உச்சத்துக்குப் போகும் வயிற்றுவலி, விடுமுறையில் காணாமல் போய்விடும் தலைவலி, திரும்பத் திரும்பத் தொலையும் பேனாக்கள், பிரிக்காமலே வரும் சாப்பாடு, சுற்றிப் போகும் புதிய வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தவுடன் பையைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடும் குழந்தை, நாள் முழுவதும் பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கியிருக்கக்கூடும். ஆசிரியர் கண் படாத கழிப்பறை, பல பள்ளிகளில் குழந்தைகள் மிகவும் அஞ்சும் இடம்.

குழந்தை சொல்லத் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் பெரியவர் பேசாமல் கேட்பதே பெரிய உதவி. 'நீ என்ன செஞ்ச?' என்ற கேள்வி கதவைச் சாத்திவிடும். 'திருப்பி ஒண்ணு வைக்க வேண்டியதுதானே' என்ற அறிவுரையும் அப்படியே. திருப்பி அடிக்க முடிந்தால் அக்குழந்தை இந்த நிலைக்கே வந்திராது, அடித்துத் தோற்றால் இரட்டை அவமானம். கண்டுகொள்ளாமல் இரு என்பது ஓரிரு நாள் கிண்டலுக்குப் பொருந்தலாம், மாதக்கணக்கில் நடப்பதற்குப் பொருந்தாது. நடந்ததை நம்புவதாகவும், தவறு அதன் மேல் இல்லை என்றும், அடுத்து என்ன செய்வது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். குரல் நடுங்காமல், நேராகப் பார்த்து, 'அப்படிக் கூப்பிடாத, எனக்குப் பிடிக்கல' என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு நகர்வதை வீட்டிலேயே நடித்துப் பழகலாம். அழுகையும் கோபவெறியும் துன்புறுத்துபவருக்குத் தீனி. சுருக்கமான பதிலும் விலகலும் அவரைச் சலிப்படையச் செய்கின்றன. இவை எல்லாம் துணைக்கருவிகள். இவற்றைக் கற்றுத்தந்துவிட்டு இனி உன் பாடு என்று ஒரு குழந்தையிடம் வகுப்பையே திருத்தும் வேலையை ஒப்படைப்பது அநியாயம்.

பள்ளிக்குப் போகும் பெற்றோர் தேதி, இடம், நடந்தது, கூட இருந்தவர்கள் என்று குறித்து எடுத்துச் செல்வது நல்லது. மற்றக் குழந்தையின் பெற்றோரைக் கேட்டில் மடக்குவது, அந்தக் குழந்தையைத் தாமே அதட்டுவது இரண்டும் காரியத்தைக் கெடுக்கும். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன் பின் பள்ளி மேலாண்மைக் குழு. 'பார்த்துக்கிறோம்' என்ற பதிலோடு திரும்பாமல், இடைவேளையில் யார் கவனிப்பார், உட்காரும் இடம் எப்படி மாறும், மறுபடி எந்த நாளில் சந்திக்கலாம் என்று கேட்டு வாங்கி வர வேண்டும். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெயரில் புகார்ப் பெட்டிகள் உள்ளன. எல்லோரும் பார்க்கும் வராந்தாவில் வைத்த பெட்டியில் சீட்டுப் போட எந்தக் குழந்தையும் துணியாது என்பதால் அவை இருக்கும் இடம் முக்கியம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களுக்குக் குழந்தைகள் தாங்களாகவே பேசலாம். சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போன குழந்தை, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் எதையாவது சொன்ன குழந்தை, உடலில் கீறிக்கொள்ளும் குழந்தை ஆகியோரை ஆலோசனைப் பேச்சோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்குச் சாதி என்ற முகம் உண்டு. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து யாரோடு சேர்வது, யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்யும் வழக்கம் குறித்துப் பள்ளிக் கல்வித் துறை 2019இல் சுற்றறிக்கையே அனுப்ப நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பட்டியல் சாதி மாணவர் ஒருவர், அந்தத் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிறகு, வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். கேலி, ஏவல், மிரட்டல் என்று வகுப்பறையில் தொடங்கியது எங்கே போய் முடியக்கூடும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது. அதன் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவதும், சாதி காட்டும் கயிறுகளைத் தடை செய்வதும் அதன் பரிந்துரைகளில் சில. புகார் சொன்ன குழந்தைக்கு அந்த நிமிடம் முதல் பாதுகாப்பு ஏற்பாடு தேவை என்ற பாடம் நாங்குநேரியிலிருந்து எல்லாப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பிரிந்து கிடக்கும் குழந்தைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் மட்டும் சேர்ந்துவிட மாட்டார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971இல் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் ஆகியோரின் குழந்தைகளை முதன்முறையாக ஒரே பள்ளிகளில் சேர்த்தபோது சண்டை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் வந்து பார்த்து, பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். ஆறு பேர் கொண்ட கலப்புக் குழு. பாடமும் ஆறு துண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும். மற்ற ஐந்தையும் நண்பர்கள் சொல்லக் கேட்டே அறிய முடியும், தேர்வோ மொத்தப் பாடத்திலும். ஒரு குழுவில் பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை பாடம். ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசும் மெக்சிகோ வம்சாவளிச் சிறுவனின் முறை வந்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். அருகிலிருந்த உதவியாளர் திட்டவில்லை. சிரிப்பதால் புலிட்சரின் வாழ்வில் அந்தப் பகுதி தெரியவராது, தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாட்களில் அவர்கள் சிரிப்பதை விட்டு, அவன் பேச உதவும்படி கேள்வி கேட்கப் பழகிக்கொண்டார்கள். பேசப் பேச அவன் தேறினான். அவன் முட்டாள் அல்ல என்று அவர்களுக்கும் தெரிந்தது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தைத் தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் நாளையே இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்.

ஆசிரியரின் சொந்த நாக்கும் இதில் சேரும். ஆசிரியர் ஒரு மாணவரை 'வாடா குண்டு' என்று அழைத்த நாளிலிருந்து அந்தப் பெயருக்கு வகுப்பில் உரிமம் கிடைத்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது.

துன்புறுத்தும் குழந்தையும் குழந்தையே. வீட்டில் அடி வாங்குபவர், எந்தச் செயலிலும் பகையைக் காண்பவர், வகுப்பில் மதிப்பைப் பெற வேறு வழி தெரியாதவர் என்று பல வகையினர். கென்னத் டாட்ஜ் 1980இல் காட்டியபடி, முரட்டுக் குழந்தைகள் தெளிவற்ற நிகழ்ச்சியையும் தம்மைத் தாக்கவே நடந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். தற்செயலாக முழங்கை பட்டாலும் வேண்டுமென்றே இடித்ததாகவே படும். தெரியாமல் பட்டிருக்குமோ என்று ஒரு கணம் நின்று யோசிக்க இவர்களைப் பழக்குவது, பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதைவிடப் பயன் தரும். அவமானப்பட்டவர் அந்தக் கோபத்தைக் காட்டிக்கொடுத்ததாக நினைக்கும் குழந்தையிடமே தீர்த்துக்கொள்வார். முரட்டுப் பிள்ளைகளைத் தனியே ஒன்றுதிரட்டிப் பயிற்சி தருவதும் ஆபத்து. ஒருவருக்கொருவர் தீயதைக் கற்றுக்கொடுத்து மேலும் முரடாவதைத் தாமஸ் டிஷியன் முதலியோர் 1999இல் எடுத்துக்காட்டினார்கள். இந்தக் குழந்தைகளைத் தனித்தனியே சந்தித்து, செய்ததற்கு ஈடாகச் செய்ய வேண்டியதைச் சொல்லி, செய்தார்களா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கைபேசி வந்த பின் துன்புறுத்தல் பள்ளி மணியோடு முடிவதில்லை. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு, உருமாற்றிய புகைப்படம், நள்ளிரவில் வரும் பட்டப்பெயர் ஸ்டிக்கர். இதைச் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயமே குழந்தைகளின் வாயைக் கட்டுகிறது. போன் பறிபோகாது என்ற உறுதியை முன்கூட்டியே கொடுத்திருக்கும் வீட்டில் குழந்தை சொல்லும். பதில் அனுப்பாமல், அழிக்காமல், திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அனுப்பியவரைத் தடுத்துவிட்டுப் பள்ளிக்குத் தெரிவிப்பது சரியான வரிசை.

டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ப்பது பல பெற்றோருக்கு முதலில் தோன்றும் தீர்வு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், பள்ளி கைவிரித்துவிட்டது என்றால் தயங்காமல் செய்ய வேண்டியதே. மற்ற நேரங்களில் புதிய பள்ளியில் அதே ஒடுங்கிய நிலையில் ஆண்டின் நடுவில் நுழையும் குழந்தை, ஏற்கெனவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்துவிட்ட வகுப்பில் மறுபடி தனித்து நிற்க நேரலாம். மாற்றுவதானால் ஆண்டுத் தொடக்கத்தில் மாற்றுவது, வகுப்பாசிரியரிடம் நடந்ததை முன்கூட்டியே சொல்வது, முதல் வாரத்தில் பக்கத்தில் உட்கார ஒரு துணையை ஏற்பாடு செய்யக் கேட்பது, பழைய பள்ளியில் இருந்த ஒரே நண்பரோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்ப்பது ஆகியவை உதவும். புதிய இடத்தில் முதல் மாதம் வாரம் ஒரு முறையும், அந்தப் பருவம் முடியும் வரை மாதம் ஒரு முறையும் வகுப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, இடைவேளையில் குழந்தை யாரோடு இருக்கிறது என்பதை.